மூன்றாம் வகுப்பில் நிற்கிறது நம் எதிர்காலம்!

(கோவையில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள், மக்தப் உஸ்தாதுகள் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அன்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களே! காலை மாலை நம் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுமார்களே! கடையைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் வியாபாரப் பெருமக்களே! இளைஞர்களே! இந்த உரையை ஏட்டில் படிக்கும் சகோதர, சகோதரிகளே!

கடையில் விட்டுவிட்டு வந்தீர்களே, அந்தப் பையனைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். உக்கடத்தில் இருந்தாலும், ஒப்பணக்காரத் தெருவில் இருந்தாலும், திருப்பூரில் பனியன் கழிவு குடோனில் இருந்தாலும், மேட்டுப்பாளையத்தில் மண்டியில் இருந்தாலும் அவனிடம் கேட்டுப் பாருங்கள். "எதுவரை படித்தாய் தம்பி?" என்றால், "எட்டு", "ஒன்பது ஃபெயிலு" என்பான். ஆனால் உண்மை அதுவல்ல. அவன் படிப்பு எட்டாம் வகுப்பில் நிற்கவில்லை. மூன்றாம் வகுப்பிலேயே நின்றுவிட்டது. எழுத்துக்கூட்டிப் படிக்க வராத பிள்ளை நான்காம் வகுப்புக்குப் போனான், ஐந்துக்குப் போனான், எட்டு வரை போனான். யாரும் அவனை நிறுத்தவில்லை. எட்டு வரை பிள்ளையைத் தோல்வி போட்டு நிறுத்தக் கூடாது என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் படிக்க வராத பிள்ளைக்குப் புத்தகம் வெறும் காகிதம். அறிவியலும் காகிதம், கணக்கும் காகிதம். ஒன்பதாம் வகுப்பில் அவமானம் தாங்காமல் ஒருநாள் பையை வீட்டில் போட்டுவிட்டு உங்கள் கடைக்கு வந்துவிட்டான்.

சகோதரர்களே! நாம் கல்லூரி இடம் பற்றிப் பேசுகிறோம். இட ஒதுக்கீடு பற்றிப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். 2007-ல் தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இட ஒதுக்கீடு கிடைத்தது பலரின் நீண்ட போராட்டத்தால். ஆனால் அந்த இடத்தில் போய் உட்கார வேண்டிய பிள்ளை மூன்றாம் வகுப்பிலேயே தோற்றுவிட்டால், ஒதுக்கிய இடத்தை யார் எடுப்பது?

கணக்கைப் பாருங்கள். 2001 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 73.5 சதவீதம். தமிழ்நாட்டு முஸ்லிம்களின் எழுத்தறிவோ 82.9 சதவீதம். பெருமைப்படத்தக்க எண்தான். அப்படியானால் பட்டதாரிகளில், அதிகாரிகளில் அந்த முன்னிலை ஏன் தெரியவில்லை? கையெழுத்துப் போடவும் பெயர்ப்பலகை படிக்கவும் தெரிந்தவர்களாக இருக்கிறோம். பாடம் படித்துப் புரிந்துகொள்ளும் நிலைக்குப் போகுமுன்பே நம்மில் பலர் பாதை மாறிவிட்டார்கள். 2006-ல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை இந்திய அளவில் சொன்னது என்ன? 6 முதல் 14 வயது வரையிலான முஸ்லிம் பிள்ளைகளில் 100-க்கு 25 பேர் பள்ளிக்கே போகாதவர்கள், அல்லது பாதியில் நின்றவர்கள். முஸ்லிம் பிள்ளைகள் எல்லாம் மதரஸாவுக்குப் போகிறார்கள் என்று பேசுகிறவர்களுக்கும் அதே அறிக்கை பதில் சொன்னது. மதரஸாவில் முழுநேரம் படிப்பவர்கள் 100-க்கு 4 பேருக்கு மேல் இல்லை. ஆக, நம் பிள்ளை உங்கள் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறான், ஆசிரியர்களே. அரசுப் பள்ளியில், மாநகராட்சிப் பள்ளியில், உதவி பெறும் பள்ளியில்.

கோவைக்காரர்களுக்கு இது கூடுதலாகவே புரியும். 1997 நவம்பரில் கலவரம். நம்மவர் உயிர்களும் கடைகளும் போயின. 1998 பிப்ரவரி 14-ல் குண்டுவெடிப்பு. 58 உயிர்கள் போயின. அந்த ஆண்டுகளில் பள்ளிப் பருவத்தில் இருந்த என் வயதுக்காரர்கள் பலர் புத்தகத்தை மூடிவிட்டுப் பட்டறைக்கும் கடைக்கும் போனார்கள். அன்று மூடிய புத்தகங்களின் நஷ்டத்தை இன்றுவரை கட்டிக்கொண்டிருக்கிறோம். அந்தத் தலைமுறையின் பிள்ளைகள்தான் இன்று உங்கள் வகுப்பில் இருப்பவர்கள். இவர்களையும் இழக்க நமக்குச் சக்தி இல்லை.

கல்லாவில் உள்ள கட்டம்

வியாபாரிகளே! உங்களிடம் ஒரு கேள்வி. 2016-க்கு முன் உங்கள் கல்லாப்பெட்டி மேல் கறுப்புக் கட்டம் போட்ட அட்டை இருந்ததா? இல்லை. இன்று இளநீர் வண்டியிலும் க்யூ.ஆர். கோடு தொங்குகிறது. யாரும் உங்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை. வாடிக்கையாளர் கேட்டார், நீங்கள் கற்றுக்கொண்டீர்கள். கற்றுக்கொள்ளாவிட்டால் வியாபாரம் பக்கத்துக் கடைக்குப் போய்விடும் என்று தெரியும்.

அதே கட்டம் உங்கள் பிள்ளையின் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது, தெரியுமா? 2018-ல் தமிழக அரசு புதிய பாடநூல்களைக் கொண்டுவந்தபோதே உள்ளே க்யூ.ஆர். கோடு அச்சிட்டது. செல்போனைக் காட்டினால் அந்தப் பாடம் படமாக, குரலாக வரும்படி செய்தார்கள். கல்லாவில் உள்ள கட்டத்தை ஒரு நாளைக்கு நூறு தடவை பார்க்கிறோம். புத்தகத்தில் உள்ள கட்டத்தை எத்தனை வீட்டில் ஒரு தடவையாவது பார்த்திருப்போம்?

அரசு இதோடு நிற்கவில்லை. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. கொரோனாவில் ஒன்றரை ஆண்டுக்கும் மேல் சின்னப் பிள்ளைகளின் பள்ளி மூடிக் கிடந்தது. ஒரே செல்போன் உள்ள வீட்டில், அதையும் அத்தா கடைக்கு எடுத்துப் போய்விட்டால், பிள்ளைக்கு எங்கே ஆன்லைன் வகுப்பு? அந்த இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள் பிழையில்லாமல் படிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் வேண்டும் என்பதே அதன் இலக்கு. 2024-ல் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் ஏறத்தாழ 80 ஆயிரம் பேருக்குக் கைக்கணினி, 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்கப்பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பறை என்று அறிவித்துப் பணி நடந்தது.

கருவி வந்துவிட்டது. அதை வைத்துப் பிள்ளை படித்தானா என்பதே கேள்வி.

நபிவழி என்ன சொல்கிறது?

"இதெல்லாம் புதுப் பழக்கம், நமக்கு எதற்கு?" என்று நினைக்கும் உஸ்தாதுமார்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு மரியாதையோடு சொல்கிறேன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் என்று ஹதீஸ் நூல்களைத் திறந்து பாருங்கள். மனிதன், அவன் ஆயுள், அவன் ஆசை ஆகியவற்றை விளக்க, ஒரு சதுரம் வரைந்தார்கள். நடுவில் ஒரு கோடு இழுத்து, அதைச் சதுரத்தைத் தாண்டி வெளியே நீட்டினார்கள். பக்கவாட்டில் சிறு கோடுகள் போட்டார்கள். சூழ்ந்திருப்பது மரணம், வெளியே நீள்வது ஆசை, சிறு கோடுகள் சோதனைகள் என்று விளக்கினார்கள். புகாரியில் உள்ள செய்தி இது. கரும்பலகை இல்லாத காலத்தில் வரைபடம் போட்டுப் பாடம் நடத்திய ஆசிரியர் நம் நபி (ஸல்).

பேரீச்ச மரத்தின் அடிமரத்தில் சாய்ந்துகொண்டு உரை நிகழ்த்திவந்தவர்கள், கூட்டம் பெருகியதும் தச்சர் செய்து தந்த மிம்பரில் ஏறினார்கள். கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும், கேட்க வேண்டும். பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில் எழுதத் தெரிந்தவர்களிடம், பிணைத்தொகைக்குப் பதிலாக மதீனத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுங்கள் என்றார்கள். நேற்றுவரை வாளோடு நின்றவனிடமிருந்தும் நம் பிள்ளை எழுத்துக் கற்கலாம் என்றால், ஒரு கண்ணாடித் திரையிடமிருந்து கற்பதில் என்ன தடை?

ஒலிபெருக்கி வந்த காலத்தில் தொழுகையில் அதைப் பயன்படுத்தலாமா என்று ஆலிம்கள் நீண்ட காலம் விவாதித்தார்கள். இன்று ஒலிபெருக்கி இல்லாத பள்ளிவாசலைக் காட்டுங்கள் பார்ப்போம்.

பாயில் உட்கார்ந்த வாத்தியார்

இப்போது பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கியது. பெயர், செயல்வழிக் கற்றல். ஆந்திராவின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் கண்ட முறையை, எம்.பி. விஜயகுமார் என்னும் ஐ.ஏ.எஸ். அதிகாரி இங்கே கொண்டுவந்தார். 2007-08-ல் தமிழகத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் முழுவதற்கும் அது போனது. மேசையும் நாற்காலியும் போயின. வாத்தியார் பாயில் இறங்கி உட்கார்ந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் அவன் நிற்கும் படிக்கேற்ற அட்டை. ஒருவன் முதல் அட்டையில் இருப்பான், பக்கத்தில் இருப்பவன் பத்தாவது அட்டையில் இருப்பான். குறைகளும் சொல்லப்பட்டன, மாற்றங்களும் வந்தன. ஆனாலும் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிப்பது அதே எண்ணத்தின் தொடர்ச்சிதான்.

உஸ்தாதுமார்களே, இதைக் கேட்கும்போது உங்களுக்குச் சிரிப்பு வரவில்லையா? பாயில் உட்கார்ந்த ஆசிரியர், ஆளுக்கொரு பாடம்! இது மக்தப் அல்லவா? அலிஃப், பே ஓதுகிற பிள்ளையும், அம்ம ஜுஸ்உ ஓதுகிற பிள்ளையும், குர்ஆனில் பத்தாவது ஜுஸ்உ எடுத்த பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்து, ஒவ்வொருவராக வந்து தன் சபக்கைக் கொடுத்துவிட்டுப் போவது நாம் காலங்காலமாகச் செய்வதுதானே! நம் கையில் நல்ல முறை ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது கருவியும் கனிவும்தான்.

கருவிக்கு ஓர் உதாரணம். முப்பது பிள்ளைகளுக்கு ஒரு உஸ்தாது. ஸீனும் ஸாதும் ஒரே ஓசையாக ஓதுகிறான் ஒரு பிள்ளை. அவன் ஓதுவதைச் செல்போனில் பதிவு செய்து அவனுக்கே போட்டுக் காட்டுங்கள். பிறகு நல்ல காரியின் ஓசையைப் போட்டுக் காட்டுங்கள். தன் தவறு தன் காதில் விழுந்தால் பிள்ளை திருத்திக்கொள்வான். கனிவுக்கு, இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களைப் பாருங்கள். 1377-ல் எழுதிய முகத்திமாவில், பிள்ளைகளிடம் காட்டும் கடுமை அவர்களைப் பொய்யர்களாகவும் கோழைகளாகவும் ஆக்கிவிடும் என்ற பொருளில் எச்சரித்திருக்கிறார்கள். 2009-ன் கல்வி உரிமைச் சட்டமும் பிள்ளையை அடிப்பதைத் தடை செய்திருக்கிறது. மக்தபில் முதலில் வர வேண்டிய புதுமை, பிரம்பைக் கீழே வைப்பது.

பள்ளி ஆசிரியர்களே! அதே செல்போன் உங்களுக்கும் உதவும். கோவையில் நம் வீடுகளில் தக்னி உருது பேசுகிறவர்கள் உண்டு, மலையாளம் பேசுகிறவர்கள் உண்டு, தமிழ் பேசுகிறவர்கள் உண்டு. திருப்பூர்ப் பள்ளிகளிலோ இந்தியும் வங்காளமும் ஒடியாவும் பேசும் தொழிலாளர் பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் ஒரு மொழி. அந்தப் பிள்ளைக்கு 'ஏர்' என்று எழுதிப் போட்டால் என்ன புரியும்? படத்தைக் காட்டுங்கள், ஓசையைக் கேட்கச் செய்யுங்கள். ல, ள, ழ மூன்றையும் தனித்தனியே சொல்லவைத்துப் பதிவு செய்யுங்கள். அதை வாட்ஸ்அப்பில் தாயாருக்கு அனுப்புங்கள். தன் பிள்ளை வாசிக்கும் குரலைக் கேட்ட தாய் மறுநாள் அவனைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருப்பாளா?

நம் மாவட்டத்திலேயே பாருங்கள்

"எங்கள் பள்ளியில் வசதி இல்லை" என்பீர்கள். கோவை மாவட்டம் காரமடை ஒன்றியத்தில் இராமம்பாளையம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. இரண்டே ஆசிரியர்கள் கொண்ட சிறு பள்ளி. அங்கே பணியாற்றிய தலைமையாசிரியை சரஸ்வதியும் ஆசிரியர் பிராங்கிளினும் சில ஆண்டுகளில் வகுப்பறையின் தோற்றத்தையே மாற்றினார்கள். கணினியும் வந்தது, பிள்ளைகளும் வந்தார்கள், ஊராரும் கைகொடுத்தார்கள். பத்திரிகைகள் தேடிவந்து எழுதின. விழுப்புரம் மாவட்டம் கந்தாடு தொடக்கப்பள்ளி ஆசிரியை அன்னபூர்ணா மோகன், தன் வகுப்புப் பிள்ளைகள் ஆங்கிலம் பேச வேண்டும் என்பதற்காகத் தன் நகையை விற்று ஸ்மார்ட் போர்டும் இருக்கைகளும் வாங்கிப் போட்டார். 2017-ல் நாடே அதைப் பேசியது.

இவர்களை வாழ்த்துவோம். ஆனால் வியாபாரிகளே, ஓர் ஆசிரியை நகையை விற்று வகுப்பறை அமைக்க வேண்டிய நிலை அந்த ஊர் வியாபாரிகளுக்குப் பெருமையா? நம் மஹல்லாவில் எந்த ஆசிரியையும் அந்த நிலைக்குப் போகக் கூடாது.

இரண்டு அச்சங்கள்

"செல்போன் பிள்ளையைக் கெடுக்கும்" என்று தாய்மார்கள் பயப்படுகிறார்கள். நியாயமான பயம். தென் அமெரிக்காவில் பெரு நாடு 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. 2012-ல் வெளியான ஆய்வு, அதனால் கணக்கிலும் வாசிப்பிலும் முன்னேற்றம் தென்படவில்லை என்றது. ஆசிரியரைத் தயார் செய்யாமல் பெட்டியை மட்டும் கொடுத்தால் அதுதான் கதி. திரைகளில் முன்னோடியாக இருந்த ஸ்வீடனும் 2023-ல் மீண்டும் அச்சுப் புத்தகத்துக்குப் பணம் ஒதுக்கியது. ஆகவே கருவி ஆசிரியர் கையில் இருக்கட்டும். பத்து நிமிடம் காட்டட்டும். பிறகு பிள்ளை புத்தகத்தைத் திறந்து வாய்விட்டுப் படிக்கட்டும், கையால் எழுதட்டும்.

ஆசிரியர்களுக்கு வேறோர் அச்சம். "செயலியில் வருகைப் பதிவும் புள்ளிவிவரமும் ஏற்றுவதற்கே நேரம் போகிறது, பாடம் எப்போது நடத்துவது?" என்கிறார்கள். ஆசிரியர் சங்கங்கள் பல ஆண்டுகளாக எழுப்பிவரும் குறை இது. நாமும் அரசிடம் கேட்போம். கருவி பாடம் நடத்துவதற்காக, கணக்குக் காட்டுவதற்காக மட்டும் அல்ல. பதிவேற்றும் வேலையைக் குறையுங்கள், ஆசிரியரை வகுப்பறையில் விடுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

பேச்சோடு கலைந்து போக வேண்டாம். மூன்று தரப்புக்கும் வேலை இருக்கிறது.

ஆசிரியர்களே, உஸ்தாதுகளே! இந்த மாதம் ஒரே ஒரு பாடத்தைப் புதிய முறையில் நடத்திப் பாருங்கள். உங்கள் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்க வராத பிள்ளைகளின் பெயரைத் தனியே எழுதி வையுங்கள். அந்தப் பட்டியல் குறைகிறதா என்பதே உங்கள் முயற்சிக்குத் தேர்வு.

இளைஞர்களே! நள்ளிரவு வரை செல்போனைத் தேய்க்கிறீர்கள். வாரத்தில் இரண்டு மாலை, மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில், மஹல்லாவில் பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடநூலில் உள்ளதைக் காட்டுங்கள், படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வயதான ஆசிரியருக்குக் கருவி பழக்கமில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து, மரியாதை குறையாமல் சொல்லிக்கொடுங்கள்.

வியாபாரிகளே, பெற்றோர்களே! அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று சட்டப்படி இருக்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அதில் நம்மவர் எத்தனை பேர் இருக்கிறோம்? கூட்டத்துக்குப் போங்கள். "ஸ்மார்ட் போர்டு ஓடுகிறதா, இணையம் வருகிறதா, பழுதானால் யார் சரிசெய்கிறார்?" என்று பணிவாகக் கேளுங்கள். பணம் கொடுக்க நினைப்பவர்களுக்கு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழி இருக்கிறது. அந்தப் பள்ளியில் படிப்பது நம் பிள்ளை மட்டும் அல்ல. மாற்று மதச் சகோதரர்களின் பிள்ளைகளும் அதே திரையைப் பார்ப்பார்கள். அதுவும் ஸதக்காதான். இந்தக் கோவைக்கு அதைவிடப் பெரிய நல்லிணக்கப் பணி எது?

கடைசியாக ஒன்று. "ஜி.டி. நாயுடு மூன்றாவதுதான் படித்தார், கோவைக்கே பெயர் வாங்கித் தரவில்லையா?" என்று பிள்ளையைக் கடைக்கு அனுப்பும் அத்தாமார்கள் சொல்வதுண்டு. அவர் பள்ளியைத்தான் விட்டார், படிப்பை விடவில்லை. கையில் கிடைத்த இயந்திரத்தை எல்லாம் பிரித்துப் பார்த்துக் கற்றார், பின்னாளில் பிறர் படிக்கத் தொழிற்கல்வி நிலையங்களைத் தொடங்கிவைத்தார். மூன்றாம் வகுப்பில் எழுத்து வசப்பட்டவன் எங்கிருந்தாலும் மேலே வருவான். எழுத்து வசப்படாதவன் பத்தாம் வகுப்புப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் கீழேதான் இருப்பான்.

இன்றிரவு கடையைச் சாத்தும்போது அந்தப் பையனை அழைத்து, விலைப்பட்டியலை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால், தினமும் அரைமணி நேரம் அவனுக்கு ஒதுக்குங்கள். அவனுக்கும் இன்னும் காலம் கடந்துவிடவில்லை.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அல்லாஹ் வழங்குவானாக! கற்றுக்கொடுப்பவர்களின் உழைப்பை ஏற்றுக்கொள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.